சம்பந்தி வீட்டுப் பாட்டனாரின் 160 ஏக்கர்

மே 23, வெள்ளி. ஒமாஹா – வில்பர்

மாப்பிள்ளையின் பாட்டிக்கு 88 வயது. அவருக்குக் கொள்ளுத்தாத்தா முறையாகும் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்பில் சண்டை போட்டுவிட்டு, அப்புறம் நெப்ராஸ்காவுக்கு வந்து விவசாயம் பார்த்தவர். அவருடைய நிலத்தையும் கல்லறையையும் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தாராம். இந்த மாதக் கடைசித் திங்கள் இங்கே போர்வீரர் நினைவு நாள், மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருகிறது. கிளம்பிவிட்டோம். காரில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி அம்மா, பாட்டி, நான். என் மனைவி குளிருக்குப் பயந்து ஒமாஹாவிலேயே இருந்துவிட்டாள். புத்திசாலி என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. மே மாதக் கடைசியில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். வழி முழுக்கத் தூறல்.

என்னை ஏன் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் இவற்றோடுதான் என் வாழ்க்கை போனது. போன குளிர்காலத்தில் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 80 டாலர் கட்டி அந்தப் பெரியவருடைய பென்ஷன் கோப்பின் நகலை மாப்பிள்ளை வாங்கியிருந்தார். வந்த நாளிலிருந்து அதை இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டேன். இங்கிலீஷ் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தாலும், நம் ஊர்ப் பழைய கிரயப் பத்திரம் படித்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

வில்பர் சின்ன ஊர். செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் 1860களிலிருந்தே குடியேறிய பகுதி. பேக்கரியில் கொலாச்சி என்று ஒரு பலகாரம், உள்ளங்கை அளவு பன்னுக்கு நடுவில் குழிவைத்து ப்ரூன், ஆப்ரிகாட், கசகசா என்று விதவிதமாக நிரப்பியிருக்கிறார்கள். ஒன்றின் விலை இரண்டு டாலருக்குக் கொஞ்சம் மேல். கசகசா வைத்ததுதான் எனக்குப் பிடித்தது, நம் சோமாசிப் பூரணம் மாதிரி அதிகம் தித்திக்காமல் இருந்தது. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று மகள் சொன்னதும் கல்லாவில் இருந்த அம்மா, முகம் சுளிக்காமல், எந்த அடுப்பில் எது வெந்தது என்பதுவரை நின்று விளக்கினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில்தான் கூத்து. பாட்டிக்குக் காது மந்தம். வாத்து வறுவலும் மாவு உருண்டையும் புளித்த முட்டைக்கோஸும் வருவதற்குள், கோப்பில் என்ன இருக்கிறது என்று பாட்டி கேட்டார். சம்பந்தி அம்மா உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பாட்டி ‘என்ன?’ என்று கேட்கக் கேட்க அவர் குரலும் ஏறிக்கொண்டே போய், ‘நாள்பட்ட வயிற்றுப்போக்கு! மூலம்!’ என்று உணவகம் முழுக்கக் கேட்கும்படி முடிந்தது. பக்கத்து மேசையில் ஒரு தாத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் உண்மை அதுதான். கோப்பில் வீரம் ஒரு பக்கம்கூடத் தேறாது. வயிறுதான் முக்கால்வாசி. உள்நாட்டுப் போரில் செத்தவர்களை நீண்ட காலமாக 6,20,000 என்று கணக்குச் சொல்வார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நோயால் போனவர்கள். உயிரோடு திரும்பி வந்தவர்களும் அந்த நோயைக் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மே 24, சனி. பியாட்ரிஸ்

காலையில் மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. அரை மணி நேரத் தூரத்தில் பியாட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சில நல்ல விஷயங்களில் இது ஒன்று.

லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் சொன்னது இதுதான்: 160 ஏக்கர் எடுத்துக்கொள், ஐந்து வருடம் அங்கேயே குடியிரு, வீடு கட்டு, பயிர் வை, நிலம் உன்னுடையது. மொத்தக் கட்டணம் 18 டாலர். இந்தப் பூங்கா இருப்பது டேனியல் ஃப்ரீமன் என்பவர் வாங்கிய இடத்தில். சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே பிரவுன்வில் நில அலுவலகத்தில் மனு போட்டவர். ராணுவத்துக்குத் திரும்ப வேண்டிய அவசரம், அதனால் நள்ளிரவு தாண்டியதும் குமாஸ்தாவை எழுப்பி அலுவலகத்தைத் திறக்கவைத்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் குமாஸ்தா மேல்தான் பரிதாபம். அடிமைகளை விடுவித்த பிரகடனம் வந்ததும் அதே நாள்.

ஃப்ரீமன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவருடைய தம்பி போரில் இறந்துபோக, தம்பிக்கு நிச்சயித்திருந்த ஆக்னஸ் என்ற பெண்ணுக்குக் கடிதம் எழுதி எழுதியே சம்மதிக்கவைத்து 1865இல் கல்யாணம் செய்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பைபிள் வாசிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டு 1902இல் மாநில உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்ததும் இதே மனிதர்தான். இருவரையும் அந்த நிலத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

கட்டடத்தின் கூரை, மண்ணைக் கிழித்துப் போகும் கலப்பைக் கொழு மாதிரி சரிந்து நிற்கிறது. வண்டி நிறுத்துமிடம் சரியாக ஒரு ஏக்கர் என்றார்கள். எனக்கு அது போதும், அதை ஒரு சுற்று நடந்து பார்த்தேன். மகள் சிரித்தாள். இப்படி 160 என்று நினைத்துப் பார்த்தால், ஒரு ஆளும் ஒரு ஜோடிக் குதிரையும் என்ன செய்திருக்க முடியும்? நம் பக்கம் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரையே ஊரில் மதிப்போம்.

மொத்தம் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர், அதாவது இந்த நாட்டு நிலத்தில் பத்தில் ஒரு பங்கு, இப்படிப் பட்டா ஆகியிருக்கிறது. நெப்ராஸ்காவில் மட்டும் 45 சதவீதம். பொது நிலம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு என்று தோன்றும். ஆனால் இங்கே ஓட்டோ-மிசௌரியா என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, தெற்கே பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு ஒதுக்கீட்டுப் பகுதியில் ஒடுங்கினார்கள். அதையும் விற்று 1881இல் ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃப்ரீமன் மனுப் போட்ட பிறகும் பதினெட்டு வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். பாட்டி அந்தப் பலகை முன்னால் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி முழுக்கப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

மாப்பிள்ளை முன்பே எடுத்துவைத்திருந்த நிலக் கோப்பை மதியம் காபிக்கு உட்கார்ந்த இடத்தில் விரித்துவைத்துப் பார்த்தோம். இதில் எனக்கு ஒரே சந்தோஷம். சாட்சி இருவர் வந்து சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்கள்: புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு, பதினாலுக்குப் பதினெட்டு அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். 35 ஏக்கர் உழுதாகிவிட்டது. ஒரு கிணறு, கொஞ்சம் காட்டன்வுட் மரக்கன்று. ஒரு நல்ல அடங்கல் சொல்வது அவ்வளவையும் சொல்லிவிட்டது. சாட்சிகளில் ஒருவர் செக் நாட்டுக்காரர், பெயருக்குப் பதில் கீறல்தான் போட்டிருக்கிறார்.

1872இல் மனு, 1874இல் பட்டா. ஐந்து வருடம் எங்கே என்று எனக்கு முதலில் உறுத்தியது. 1872 ஜூனில் வந்த ஒரு சட்டப்படி, வட தரப்புச் சிப்பாய்கள் ராணுவத்தில் இருந்த காலத்தைக் குடியிருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ளலாம். எப்படியும் ஒரு வருடமாவது நிலத்தில் இருந்தே ஆக வேண்டும். நம்முடைய பெரியவருக்கு மூன்று வருடம் கழிந்தது. ஷைலோ என்ற போர்க்களத்தில் பட்ட பாடெல்லாம் நெப்ராஸ்காவில் உழுத நாளாகக் கணக்காகிவிட்டது.

பட்டா கிடைத்த அதே 1874 கோடையில் வெட்டுக்கிளி வந்தது. பயிரைத் தின்று முடித்துவிட்டு, கருவிகளின் மரப்பிடியையும் கொடியில் காய்ந்த துணியையும் கடித்ததாக அந்தக் காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் உடுத்தத் துணியில்லாத குடியேறிகளுக்கு ராணுவக் கிடங்கிலிருந்து மிச்சமிருந்த கோட்டும் பூட்ஸும் கொடுத்தார்கள். பெரியவரும் வாங்கினாரா என்பதற்குக் காகிதம் கிடையாது. வாங்கியிருந்தால், கழற்றிப்போட்டுப் பத்து வருடம் ஆன அதே நீலக் கோட்டை மறுபடி மாட்டியிருப்பார். சம்பந்தி அம்மாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. ‘அவர் மானஸ்தர், வாங்கியிருக்க மாட்டார்’ என்றார். ‘குளிரில் மானம் நிற்காது’ என்றார் பாட்டி.

மே 25, ஞாயிறு. நிலம்

இரவெல்லாம் இடி. தங்கிய விடுதியில் ஹீட்டர் போட்டால் லாரி ஸ்டார்ட் ஆகும் சத்தம், நிறுத்தினால் விறைப்பு. விடியும்போது இரண்டையும் விட்டுவிட்டு எழுந்து கோப்பின் போர்ப் பகுதியைத் திரும்பப் படித்தேன்.

21 வயதில், 1861 இலையுதிர் காலத்தில், அயோவா மாநிலத்தின் 12ஆம் காலாட்படையில் சேர்ந்தவர். அடுத்த ஏப்ரல் 6 அன்று டென்னஸியில் ஷைலோ. ‘குளவிக்கூடு’ என்று பின்னால் பெயர் வந்த இடத்தில் மணிக்கணக்கில் நின்று தாக்குப்பிடித்து, கடைசியில் சுற்றி வளைக்கப்பட்டு, அந்த மாலை இரண்டாயிரத்துச் சொச்சம் பேரோடு சரணடைந்தார். பிறகு அலபாமா, ஜார்ஜியா சிறைகள். வயிற்றுக் கோளாறு அங்கே பிடித்தது. விடுதலையாகி மறுபடி படைக்குப் போய் 1864 கடைசிவரை இருந்தார். இவ்வளவும் ஒன்றரைப் பக்கம். மிச்சமெல்லாம் 1880லிருந்து 1911வரை அந்த வயிற்றை நிரூபிக்க நடந்த போராட்டம்தான்.

அந்த வாக்குமூலங்களைப் படித்தால் சிரிப்பும் வரும், சங்கடமாகவும் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர், உழுதுகொண்டிருக்கும்போது பாதி சாலில் குதிரையை நிறுத்திவிட்டு இவர் சோளத்துக்குள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்கிறார். கதிரடிக்கும் கூட்டாளி, மற்றவர்கள் நாள் முழுக்க வேலை செய்தால் இவரால் அரை நாள்தான் முடியும் என்கிறார். கடைக்காரர் எந்த மருந்து எத்தனை புட்டி வாங்கினார் என்று சொல்கிறார். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து நாக்கைப் பார்த்து, நாடி பார்த்து, எடை போட்டு எழுதுகிறார்கள். அதற்கு மாதம் நாலு டாலர். 1907 சட்டம் வந்த பிறகுதான் வயிற்றை யாரும் கேட்கவில்லை, வயதை மட்டும் கேட்டார்கள்: 62க்கு 12 டாலர், 70க்கு 15, 75க்கு 20. இப்படிக் கொடுத்துக் கொடுத்து 1890களில் மத்திய அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு பென்ஷனுக்கே போயிருக்கிறது. இந்தப் போருக்கான கடைசிப் பென்ஷன் நின்றது எப்போது தெரியுமா? 2020இல். ஐரீன் டிரிப்லெட் என்ற ஒரு சிப்பாயின் மகள், மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தவர், தன் 90ஆவது வயதில் காலமானார். நானும் பென்ஷன்தாரன்தான். இதைப் படித்ததும் எனக்கு அந்த அரசாங்கத்தின் மேல் ஒரு மரியாதை வந்ததை மறைப்பானேன்.

நிலத்தைக் கண்டுபிடிப்பது குழந்தை வேலையாக இருந்திருக்க வேண்டும். கான்சாஸ் எல்லையில், 40ஆவது அட்சக்கோட்டில், 6ஆம் முதன்மை மெரிடியன் என்ற நில அளவைக்கான தெற்கு வடக்குக் கோடு தொடங்கும் புள்ளியிலிருந்து ஆறு மைல் சதுரம் ஆறு மைல் சதுரமாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால்வாசி 160. மைலுக்கு ஒரு சாலை. மேடு பள்ளம், ஓடை, கோயில், எதற்காகவும் கோடு வளையாது. எனக்கு இதில் பொறாமையும் உண்டு, கொஞ்சம் அருவருப்பும் உண்டு.

கைபேசி வரைபடம் குறுக்கு வழி என்று ஒரு மண் சாலையைக் காட்டியது. மழைக்கு அது களியாகியிருந்தது. நூறடி போவதற்குள் சக்கரம் இறங்கிவிட்டது. பாட்டியை வண்டிக்குள் வைத்துவிட்டு நாங்கள் தள்ளினோம், என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. அரை மணி கழித்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டிவந்தவர் அறுபது வயது விவசாயி, முதலில் எங்களை, முக்கியமாக ஒற்றைச் செருப்போடு நின்ற என்னை, சந்தேகமாகத்தான் பார்த்தார். பாட்டி ஜன்னலை இறக்கித் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், மனிதர் தொப்பியைக் கழற்றினார். ‘அந்த இடத்தைத்தான் நாங்கள் உழுகிறோம்.’ சங்கிலி போட்டு வண்டியை இழுத்துவிட்டார். மாப்பிள்ளை பணம் நீட்டியதைப் பார்த்ததுபோலவே காட்டிக்கொள்ளவில்லை.

1930களில் வறட்சியும் விலை வீழ்ச்சியும் சேர்ந்து பாட்டியின் குடும்பம் நிலத்தை விற்றிருக்கிறது. இந்த விவசாயியின் தாத்தாதான் வாங்கினாராம். இதைச் சொல்லும்போது அவர் பாட்டியின் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்தார். ‘நல்ல விலைக்குத்தான் வாங்கியிருப்பார்’ என்று பாட்டி சமாளித்தார். அந்தக் காலத்தில் நல்ல விலை என்று ஒன்று இருந்திருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

புல்மண் வீடு இருந்த இடத்தில் லேசான ஒரு மேடு. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். சுற்றிலும் கணுக்கால் உயரத்தில் மக்காச்சோளம், அந்தப் பக்கம் சோயா முளைக்கிறது. நடுவில் நீர் தெளிக்கும் நீளமான சக்கரப் பாலம் நிற்கிறது. ஏக்கர் என்ன விலை போகிறது என்று கேட்டேன், பழக்கதோஷம். மகள் முழங்கையால் இடித்தாள். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழெட்டாயிரம் டாலர், பாசனம் இருந்தால் இன்னும் மேலே, ஆனால் விளைச்சலுக்குக் கிடைக்கும் விலையில் புதிதாக ஒருவன் வாங்கிப் பிழைக்க முடியாது என்றார். எந்த ஊரிலும் விவசாயி இதைத்தான் சொல்கிறார், எல்லா ஊரிலும் உண்மையாகவும் இருக்கிறது. அவருடைய பையன்கள் இருவரும் லிங்கன் நகரத்தில் வேலை பார்க்கிறார்களாம்.

பாட்டி காரைவிட்டு இறங்க முடியவில்லை. விவசாயி வரப்போரத்திலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். பாட்டி கையில் வாங்கி, பிசைந்து பார்த்து, ‘ஈரம் அதிகம்’ என்று சொல்லி வெளியே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

மே 26, திங்கள். கல்லறை

குளிர் குறையவில்லை. சின்ன மேட்டில் கல்லறைத் தோட்டம், இரண்டு பக்கம் வயல். போர்வீரர் கல் ஒவ்வொன்றிலும் முன்பே யாரோ கொடி நட்டுவைத்திருக்கிறார்கள். இந்த நாளே உள்நாட்டுப் போரில் இறந்தவர்களுக்குப் பூப் போடுவதற்காக 1868 மே 30 அன்று தொடங்கியதுதான். பியோனி என்ற பெரிய பூ இந்த வாரம்தான் பூக்கிறது, வீட்டுக்கு வீடு வெட்டி, காபி டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். மழையில் பூ தலை சாய்ந்து கிடந்தது.

வயதான சிப்பாய்கள் சிலர் வரிசையாக நின்றார்கள். ஒருவர் பெயர்களை வாசித்தார், உள்நாட்டுப் போரிலிருந்து தொடங்கி. மூன்று முறை வானத்தை நோக்கிச் சுட்டார்கள். தோட்டா உறைகளைப் பொறுக்கப் பையன்கள் பாய்ந்தார்கள், யாரும் அதட்டவில்லை.

பெரியவருடைய கல், அரசாங்கம் கொடுத்த வெள்ளைப் பளிங்கு. கேடயம் செதுக்கி அதற்குள் பெயர், கம்பெனி எழுத்து, ‘12 அயோவா காலாட்படை’. அவ்வளவுதான். பிறந்த வருடம் இல்லை, இறந்த வருடம் இல்லை. பக்கத்தில் வெண்கல நட்சத்திரம் ஒன்று, குடியரசின் பெரும்படை என்ற முன்னாள் சிப்பாய் சங்கத்துடையது. மூன்று வருடம் துப்பாக்கி பிடித்தவர், நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய ஏர் பிடித்தவர். நிலக் கோப்பில் போர் வருகிறது, பென்ஷன் கோப்பில் நிலம் வருகிறது, கல்லில் மட்டும் நிலம் வரவில்லை. ஊரில் அவரை உழவராகத் தெரிந்தவர்கள்தான் அத்தனை சத்தியமும் செய்து பென்ஷன் வாங்கிக்கொடுத்தார்கள். மனைவியின் கல் மூன்றடி தள்ளி, முழங்கால் உயரம்கூட இல்லை, எழுத்து தேய்ந்து முதல் பெயர் மட்டும் தடவினால் தெரிகிறது. எட்டுப் பிள்ளை பெற்றவர்.

மதியம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. உண்டியலில் இஷ்டப்பட்டதைப் போடலாம். பன்றி இறைச்சி சாண்ட்விச், ஜெல்லிக்குள் கேரட் துருவிப் போட்ட ஒரு விநோதம், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரம். காரமான மாட்டிறைச்சிக் குழம்போடு பட்டை தூவிய இனிப்பு ரோலைச் சேர்த்துத் தின்பது இந்த மாநிலத்துப் பழக்கமாம். குழம்பை விட்டுவிட்டு ரோலை மட்டும் எடுத்தேன், பரிமாறிய பெண்மணி என்மேல் இரக்கப்பட்டு இன்னொன்று வைத்தார். என் செருப்பு சேற்றோடு போனதைக் கேள்விப்பட்ட ஒருவர் தன் வண்டியிலிருந்து ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு அளவு பெரிது. ஒமாஹாவரை அதோடுதான் வந்தேன்.

வண்டியில் ஏறியதும் சண்டை ஆரம்பித்தது. பளிங்கு மங்கிவிட்டது, முன்னாள் படைவீரர் துறைக்கு எழுதினால் இலவசமாகவே மாற்றித்தருவார்கள், பணியாற்றியதற்குச் சான்று வேண்டும், அதுதான் கட்டுக்கட்டாக இருக்கிறதே என்றார் சம்பந்தி அம்மா. மனுவை நானே பூர்த்தி செய்துதருகிறேன் என்றேன். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கல் இன்னும் நூறு வருடம் தாங்கும், முதலில் அந்த அம்மாவுக்கு ஒரு கல் போடுங்கள், அதில் இரண்டு பேரும் இந்த மண்ணில் விவசாயம் செய்தார்கள் என்று எழுதுங்கள் என்றார். அதற்கு அரசாங்கம் கொடுக்காது, கைக்காசுதான் என்று மாப்பிள்ளை சொல்ல, எவ்வளவு ஆகும் என்று பாட்டி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நாளைக்குக் கல்வெட்டுக்காரருக்கு போன் செய்து எழுத்துக்கு எவ்வளவு என்று விசாரிப்பதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். பாதி தன் பென்ஷனில் என்கிறார் பாட்டி.